விசில் சோதனை

ஒரு துணித்துண்டுக்காகத்தான் இவ்வளவும். மார்பிலும் முதுகிலும் 'சி' என்ற ஆங்கில எழுத்து ஒட்டிய, இரண்டு பக்கமும் நாடா வைத்த, கழுவிக் கழுவி நீலம் வெளுத்துப்போன ஒரு துணித்துண்டு. வலைப்பந்தில் ஏழு பேருக்கு ஏழு இடம். மைதானத்தின் நடுவே நின்று, இரண்டு பக்கமும் ஓடிப் பந்தை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பவள் சென்டர். அந்தத் துணி அவளுக்கு உரியது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். படியேறினால் வலது முழங்காலில் சத்தம் கேட்கும். ஆனாலும் அதைக் கழற்றி இன்னொருத்தியிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பாடசாலைப் பழைய மாணவிகள் சங்கத்துக்கு லண்டனில் ஒரு கிளை உண்டு. ஒவ்வொரு ஜூலையும் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் பழைய மாணவிகள் எல்லோரும் ஹரோப் பக்கத்து மைதானம் ஒன்றில் கூடி, இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய பகைகளைப் புதுப்பித்துக்கொள்வோம். அதற்குப் பெயர் ஒன்றுகூடல். அந்தப் போட்டிக்காக மார்ச் மாதம் தொடங்கி ஞாயிறு காலைகளில் ரெய்னர்ஸ் லேனில் ஒரு பள்ளிக்கூடத்தின் தார்த் தளத்தில் பயிற்சி நடக்கும். பயிற்சி கொடுப்பவள் நான். மூன்று வருடத்துக்கு முன் ஒருவரும் முன்வராததால் என் தலையில் விழுந்த பொறுப்பு அது. விழுந்த பிறகு நான் அதை இறக்கி வைக்கவில்லை. கிழமை நாட்களில் டொக்டரின் கிளினிக்கில், இங்கே அதைச் சேர்ஜரி என்பார்கள், வரவேற்பு மேசையில் இருந்து, அப்பொயின்ட்மென்ட் கிடைக்காதவர்களிடம் ஏச்சு வாங்குகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை பதினெட்டுப் பெண்கள் என் விசிலுக்கு ஓடுவார்கள். அந்தச் சுகத்தை யார்தான் விடுவார்கள்?

போன குளிர்காலம் ஒன்லைனில் ஒரு பயிற்சிநெறியும் படித்தேன். குழு விளையாட்டுக்காரரின் வேகத்தையும் அஜிலிட்டியையும் வளர்ப்பது பற்றியது. அஜிலிட்டி என்றால் ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று நின்று, திரும்பி, வேறு பக்கம் பாய்கிற திறமை. நான் அதுவரை கோன்களை, அந்த பிளாஸ்டிக் கூம்புகளை, வரிசையாக வைத்து அவற்றைச் சுற்றி ஓட விடுவதே அதற்கான பயிற்சி என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல என்று அந்தப் படிப்பில் சொன்னார்கள். கோனைச் சுற்றும்போது எங்கே திரும்புவது என்று கால்களுக்கு முன்பே தெரியும். ஆட்டத்தில் அப்படி ஒருவரும் சொல்லித் தருவதில்லை. எதிராளியின் இடுப்பையும் தோளையும் பார்த்து, அந்தக் கணத்தில் முடிவெடுத்துத் திரும்பவேண்டும். ஆகவே எதிரே ஆளை நிறுத்திப் பழக்குங்கள், கண்ணால் பார்த்து ஓடப் பழக்குங்கள் என்றார்கள். நான் அதைக் கொப்பியில் எழுதி, 'கண்ணால்' என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன். அந்தக் கோடு இப்போதும் அங்கே இருக்கிறது.

டொலறஸ் மார்ச் மாதக் கடைசியில் வந்து சேர்ந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள். எங்கள் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் குடும்பத்தோடு மன்னாருக்குப் போனவள். இப்போது லூயிஷாமில் இருக்கிறாள், அங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஞாயிறு காலை ஏழு மணிக்கே வீட்டைவிட்டு வெளிக்கிட்டு, லண்டனின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு மூன்று ரயில் மாறி வருவாள். மெலிந்த ஆள், பழைய சப்பாத்து. ஓடும்போது தலையை இங்கேயும் அங்கேயும் திருப்பிக்கொண்டே இருப்பாள், தீன் பொறுக்குகிற கோழி மாதிரி. முதல் நாள் அதைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்தேன்.

கோன் ஓட்டத்தில் அவள் நடுத்தரம். அதில் முதலாவது நான்தான். எங்கள் பிளாட்டின் கார் தரிப்பிடத்தில் காலை ஆறு மணிக்கு அதே கோன்களை வைத்து நான் பழகுவது ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கடைசி அரை மணித்தியாலம் இரண்டு பக்கமாகப் பிரிந்து விளையாடும்போது கதை வேறாக இருந்தது. பந்து எங்கே வருமோ அங்கே டொலறஸ் முன்கூட்டியே நிற்பாள். நான் எறிகிற பந்து எங்கே போகும் என்பது, அது என் கையைவிட்டுப் போகமுன்னரே அவளுக்குத் தெரிந்துவிடும். பாய்ந்து எடுத்துவிட்டு, "சொறி அக்கா" என்று சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வெம்பிளியில் இருக்கிறேன். வெம்பிளி பார்க் ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் அவளுக்கு ஒரு ரயில் மாறுவது குறையும் என்பதால் பயிற்சி முடிந்து காரில் ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினேன். அப்போது எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது, ஆனாலும் நல்லவளாகத் தெரியவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. முதல் இரண்டு வாரமும் நான் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு போனேன். அவள் பாதிக்குப் பதில் சொல்லவில்லை. சில நேரம் முழு உடம்பையும் என் பக்கம் திருப்பிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடிப்புப் பிடித்தவள், தலைக்கனக்காரி என்று நினைத்தேன்.

ஏப்ரலில் ஒரு நாள், சிவப்பு விளக்கில் நின்றபோது அவளாகவே சொன்னாள்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு வலது காது கேளாது. ஒன்பது வயசில காய்ச்சல் வந்து காது போனது. நீங்கள் இந்தப் பக்கம் இருந்து சொல்லுறது எனக்குச் சரியா விளங்குறேல்லை."

நான் திடுக்கிட்டுப்போய், "அப்ப விளையாடேக்க?" என்று கேட்டேன்.

"சத்தம் கேக்கும். ஆனா எந்தப் பக்கத்தால வருதெண்டு தெரியாது. ஒரு காதால அது பிடிபடாது அக்கா. அதுதான் சும்மா சும்மா திரும்பித் திரும்பிப் பாக்கிறனான். பாத்துப் பாத்து அது பழகிப்போச்சு."

பிறகு அவள் பாடசாலைக் கதையைச் சொன்னாள். எட்டாம் வகுப்பில் அவளைச் சென்டராகப் போட்டார்களாம். விளையாட்டு ரீச்சர் வலது பக்கம் நின்று கத்தியதற்கு அவள் திரும்பவில்லை. சொன்னால் கேளாத பிள்ளை என்று ரீச்சர் போட்டிக்கு முந்தின நாள் எழுத்துத் துணியைக் கழற்றி வாங்கிவிட்டார். காதைப் பற்றிச் சொல்ல அவளுக்கு வெட்கம். வீட்டிலும், பெண் பிள்ளைக்குக் காதில் குறை என்று வெளியே சொல்லக்கூடாது என்று அடக்கி வைத்திருந்தார்கள்.

"என்ர மனுசனுக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். நீங்கள் கோச் எண்டபடியால் சொன்னனான். மற்றவைக்குச் சொல்லாதேங்கோ அக்கா. பாவம் பாத்து என்னை எடுக்கிறதும் வேண்டாம், இதைச் சொல்லி என்னை விலத்துறதும் வேண்டாம்."

நான் அவளுடைய கையைப் பிடித்து, சொல்லமாட்டேன் என்றேன். அந்த நேரம் உண்மையாகவே மனம் இளகியிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மே மாதத்தில், படித்ததை நடைமுறைப்படுத்துகிறேன் என்று 'நிழல்' பயிற்சியைத் தொடங்கினேன். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கவேண்டும். ஒருத்தி எந்தப் பக்கமும் பாயலாம், மற்றவள் அவளுடைய நிழலாக ஒட்டி ஓடவேண்டும். டொலறஸை ஒருவராலும் உதற முடியவில்லை. கடைசியில் நான் இறங்கினேன். ஐந்து முறையில் நாலு முறை அவள் என் மூக்குக்கு நேரே நின்றாள். ஐந்தாவது முறை அவளுடைய சப்பாத்து வழுக்கியது.

"டொலறஸ் அக்காவ சென்டர்ல போட்டா சூப்பரா இருக்கும்" என்றாள் ஜெனோஜா. அணியில் இளையவள், இங்கேயே பிறந்தவள், மனதில் பட்டதை அப்படியே சொல்லுகிறவள். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியபடிதான் இருந்தது. நிழல் பயிற்சியை அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் வைக்கவில்லை.

ஜூன் தொடக்கத்தில் சங்கத் தலைவி கமலேஸ்வரி அக்கா போன் எடுத்தார். போன வருடம் அணியில் இடம் கிடைக்காதவர்கள், ஆள் பார்த்து எடுக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை பிடித்திருந்தார்கள்.

"றூபினி, இந்த முறை ஒரு சோதனை வையும். நேரத்தை அளந்து லிஸ்டைக் குறூப்பில போடும். நம்பர் இருந்தா ஒருத்தரும் வாய் திறக்கேலாது" என்றார்.

"ஓம் அக்கா, நம்பர் பொய் சொல்லாது" என்றேன் நான்.

இரண்டு நாள் கழித்து சேர்ஜரியில் இருந்தேன். மேசையின் இரண்டு பக்கமும் இரண்டு தொலைபேசிகள். ஏதோ ஒன்று அடித்தது, நான் பாராமலே வலது பக்கத்துப் போனை எடுத்தேன். சரியான போன்தான். அந்த யோசனை அப்போதுதான் வந்தது. யாரோ ஒரு பெரியவர் தன் மாத்திரைகளைப் பற்றிக் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஓம் ஓம் சொல்லிக்கொண்டே ஒரு காகிதத்தில் வட்டமும் இரண்டு புள்ளிகளும் கீறினேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் ஒரு இடத்திலும் சொல்லப்போவதில்லை.

சோதனை இதுதான். ஆள் வட்டத்துக்குள் வலைக் கம்பத்தைப் பார்த்தபடி நிற்கவேண்டும். அவளுக்குப் பின்னால், இடது பக்கம் ஐந்து மீட்டரில் ஒரு கோன், வலது பக்கம் ஐந்து மீட்டரில் ஒரு கோன். கோனுக்கு ஒருத்தி விசிலோடு நிற்பாள். இருவரில் ஒருத்தி ஊதுவாள். ஊதிய பக்கம் திரும்பி ஓடி, கோனைத் தொட்டுவிட்டு வட்டத்துக்குத் திரும்பி வரவேண்டும். பத்து முறை. பிழையான பக்கம் திரும்பினால், மாறி ஓடுகிற நேரமும் கணக்கில் சேரும்.

ஞாயிறு காலை இதை விளக்கும்போது, "இதுதான் உண்மையான அஜிலிட்டி, முன்கூட்டி ஒண்டும் தெரியாது, அந்த நேரம் முடிவெடுக்க வேணும்" என்று சொன்னேன். படித்த பாடத்தின் வார்த்தைகள்தான். கோடு போட்ட அந்த ஒரே ஒரு சொல்லைத்தான் விட்டிருந்தேன். டொலறஸ் என் வலது புறம் நின்று, தன் நல்ல காதை என் பக்கம் வைத்துக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜெனோஜாவும் தக்ஷிகா என்ற இன்னொரு பெண்ணும் விசில் ஊதினார்கள். நான் ஸ்டொப் வோச். முதலில் அதை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு நான் ஓடிக் காட்டினேன், பத்தும் சரி. டொலறஸின் முறை வந்தது. முதல் விசிலுக்கு இடது பக்கம் திரும்பினாள், ஊதியது வலது. இரண்டாவது சரி. மூன்றாவதும் நாலாவதும் பிழை. ஒவ்வொரு முறையும் ஓடத் தொடங்கி, எதிர்ப்பக்கம் ஆட்கள் சிரிப்பதைக் கண்டு, நின்று, மாறி ஓடினாள்.

"டொலறஸ், சோத்துக்கை எதெண்டு மறந்து போச்சோ?" என்று யாரோ பகிடி விட்டார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவளுடைய கழுத்து சிவந்திருந்தது.

ஐந்தாவது விசிலுக்கு முன் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சில வினாடிதான். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். இதை நிறுத்துவோம் என்று, அல்லது இன்றைக்குக் காற்று, விசில் சரியாகக் கேட்கவில்லை என்று, ஏதாவது ஒன்று. நான் ஸ்டொப் வோச்சைக் குனிந்து பார்த்து, "ரெடியோ" என்றேன்.

பத்தில் ஐந்து பிழை. பத்தொன்பது பேரில் பத்தொன்பதாவது.

அன்றைக்குக் காரில் அவள் முழுதாக என் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீங்கள் மறந்திட்டீங்களோ?"

"எதை?" என்றேன்.

அவள் தன் வலது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"ஐயோ டொலறஸ்" என்றேன். கையை நெற்றியில் வைத்தேன். அந்த நடிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "மறந்தே போனன். இந்த லிஸ்ட், கமலேஸ்வரி அக்கான்ர கரைச்சல், எல்லாத்துக்கையும் தலையே வேலை செய்யேல்லை. அடுத்த கிழமை திரும்ப ஒருக்கா வைப்பமோ?"

"வேண்டாம் அக்கா. எனக்கு மட்டும் திரும்ப வச்சா ஏன் எண்டு கேப்பினம்." அவள் சிரித்தாள். "எத்தனை பேரைப் பாக்கிறீங்கள். மறக்கிறது தானே."

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்டேன்.

அன்று மத்தியானமே பட்டியலைக் குழுவில் போட்டேன். பெயரும், ஒரு ஓட்டத்துக்குச் சராசரியாக எத்தனை வினாடி என்பதும். முதலாவது றூபினி, மூன்று தசம் ஒன்று. கடைசியாக டொலறஸ், நாலு தசம் நாலு. முப்பத்தொரு பேர் இருக்கிற குழு. கட்டைவிரல்களும் கைதட்டல்களும் வந்து குவிந்தன. "வயது வெறும் நம்பர் என்று காட்டிவிட்டீர்" என்று கமலேஸ்வரி அக்கா எனக்கு எழுதினார். எல்லோருக்கும் பிறகு டொலறஸ் எழுதினாள்: "நன்றி அக்கா, அடுத்த முறை முயற்சி செய்கிறேன்." பக்கத்தில் கைகூப்பும் படம். அவளை மேலதிக ஆட்டக்காரியாகச் சேர்த்துக்கொண்டேன். பெருந்தன்மை காட்டினேன் என்று அதற்கும் நாலு பேர் பாராட்டினார்கள்.

ஜூலையில் போட்டி. நல்ல வெயில். நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரணியின் சென்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவள் முதல் ஐந்து நிமிடத்தில் என்னைச் சந்தியில் நிற்கிற மாடு போல ஆக்கிவிட்டாள். கோன் இருந்தால் நான் சுற்றியிருப்பேன். அவள் கோன் இல்லை. நான் வலது பக்கம் போனால் இடது பக்கத்தால் போனாள், நான் திரும்பி முடிக்கமுன் பந்து வலைக்குள் இருந்தது.

இடைவேளையில் கமலேஸ்வரி அக்கா வந்து, "உமக்கு இளைக்குது. டொலறஸை ஒருக்கா இறக்கிப் பாத்தால் என்ன?" என்று கேட்டார்.

"சோதனையில நம்பர் அப்பிடி வரேல்லை அக்கா. பிறகு மற்றவை என்ன சொல்லுவினம்?" என்றேன்.

டொலறஸ் தண்ணீர்ப் போத்தலோடு என்னிடம் வந்தாள். அவளுக்கு இது கேட்டதோ இல்லையோ தெரியாது. "அக்கா, அந்தப் பிள்ளை எறிய முதல் வலத்தோளைக் கொஞ்சம் இறக்குது. இடக்காலை ஊண்டித்தான் திரும்புது. பந்தைப் பாக்காதேங்கோ, தோளைப் பாருங்கோ" என்றாள். இரண்டாம் பாதி முழுக்க அவள் கோட்டுக்கு வெளியே எனக்குச் சமாந்தரமாக ஓடினாள். "இப்ப இடப்பக்கம்" என்றாள், "பின்னால போங்கோ" என்றாள். நான் அவளுடைய கண்ணை வைத்துக்கொண்டு விளையாடினேன். மூன்று பந்துகளைப் பறித்தேன். பதினாலுக்குப் பதின்மூன்று என்று வென்றோம்.

சிறந்த ஆட்டக்காரிக்கான கிண்ணத்தை எனக்குத் தந்தார்கள். படம் எடுக்கும்போது டொலறஸ் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினாள். அந்தக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் நான் சிரிக்கவில்லை. களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பின்னேரம் ஆறு மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன். பின் சீட்டில் கிண்ணம். ஒவ்வொரு வளைவிலும் அது உருண்டு கதவில் முட்டியது.

சிவப்பு விளக்கில் நின்றேன். அவள் இடது பக்க யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரோட்டைப் பார்த்தபடி, "டொலறஸ், நான் மறக்கேல்லை" என்றேன்.

அவள் அசையவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் பக்கம் இருந்தது அவளுடைய வலது காது. இல்லை, உடனே விளங்கியது என்பதும் சரியில்லை. சொல்வதற்கு முன்பே தெரியும். கேட்காத காதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நான் வாயசைத்ததைக் கண்டாளோ என்னவோ, திரும்பி, "என்னக்கா சொன்னீங்கள்?" என்றாள்.

"ஒண்டுமில்லை. பெல்ட் இறுக்குதோ எண்டு கேட்டனான்."

"இல்லை." அவள் கொஞ்சம் தயங்கி, பிறகு சிரிப்போடு சொன்னாள். "அக்கா, ஒரு பகிடி சொல்லட்டோ? அந்த விசில் இருக்கல்லோ. நான் வீட்டில பழகிறன்."

"என்னெண்டு?"

"பின்னேரங்களில மகளைக் கோரிடோர்ல நிப்பாட்டி ஊதச் சொல்லுறனான். ஒருக்கா இந்தப் பக்கம், ஒருக்கா அந்தப் பக்கம், நினைச்சபடி மாத்தி மாத்தி. கீழ் வீட்டுக்காரர் வந்து பேசிப்போட்டுப் போனார். பத்துக்கு ஐஞ்சு ஆறு சரியா வருது அக்கா. ஒரு நாள் ஏழு வந்தது. அடுத்த வருஷத்துக்குள்ள எட்டெண்டாலும் வந்திடும்."

பத்துக்கு ஐந்து என்பது கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் வரும். அந்தக் காது ஒரு நாளும் பழகாது. அவள் ஒரு வருடம் முழுக்க, பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றுவிட்டு வந்து, அந்தக் கோரிடோரில் நின்று திரும்பித் திரும்பி ஓடப்போகிறாள். நான் கீறிய வட்டத்துக்குள்.

ஸ்டேஷனுக்கு முன்னாலுள்ள ஒரு சின்னத் தெருவில் காரை நிறுத்தினேன். இறங்கி, முன்பக்கத்தால் சுற்றிப் போய், அவளுடைய பக்கக் கதவைத் திறந்து, நடைபாதையில் குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. அவளுடைய இடது காது என் முகத்துக்கு நேரே இருந்தது.

"நான் மறக்கேல்லை டொலறஸ். எனக்கு நினைவிருந்தது."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சோதனை அண்டைக்கோ?"

"ஓம்."

"அப்ப, கார்ல மறந்து போனன் எண்டு சொன்னது?"

"பொய்."

"அந்த விசிலை, நான் உங்களுக்குச் சொன்னதுக்குப் பிறகோ யோசிச்சீங்கள்?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். அவள் பார்க்கிற ஆள், அது போதுமாக இருந்தது.

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். காலுக்குக் கீழே இருந்த பையை எடுத்தாள். நான் எழும்பி வழிவிட்டேன். இறங்கி நின்று, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோபமில்லாத குரலில் சொன்னாள்.

"எங்கட ரீச்சருக்குத் தெரியாது அக்கா. அவ தெரியாமத்தான் என்னை நிப்பாட்டினவ."

சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். தலையை இங்கேயும் அங்கேயும் திருப்பிப் பார்த்தபடி ரோட்டைக் கடந்தாள். ஒரு முறையும் பின்னால் பார்க்கவில்லை.

நான் காருக்குள் இருந்தேன். போன் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. குழுவில் படங்கள். கிண்ணத்தோடு நான், கிண்ணத்தோடு நானும் கமலேஸ்வரி அக்காவும். "எங்கள் சிங்கம்" என்று ஒருத்தி. "கோச் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று இன்னொருத்தி. அதற்குக் கீழே கட்டைவிரல்களின் வரிசை. பிறகு டொலறஸின் பெயர் வந்தது. இரண்டே வரி.

"எனக்குச் சின்ன வயதிலிருந்து வலது காது கேட்காது. விசில் எந்தப் பக்கம் என்று தெரியாது. றூபினி அக்காவுக்கு ஏப்ரலிலேயே சொன்னேன்."

முப்பது வருடம் வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை அவள் முப்பத்தொரு பேருக்குச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. படங்கள் நின்றன. பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாக, பார்த்துவிட்டார்கள் என்று காட்டின.

ஐந்து நிமிடம் இருக்கும். கமலேஸ்வரி அக்காவின் அழைப்பு வந்தது. எடுக்காமல் விடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன், பிறகு எடுத்தேன்.

"றூபினி, டொலறஸ் என்னவோ எழுதியிருக்கிறா. உமக்குத் தெரியுமோ?"

"ஓம் அக்கா."

அவர் என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரிந்தவர். நான் கெட்டவளாக இருப்பதை அவரும் விரும்பவில்லை.

"வேலைக் கரைச்சலில மறந்திட்டீராக்கும்" என்றார். "அப்பிடித்தானே? அப்பிடியெண்டால் நான் குறூப்பில எழுதி விடுறன், மறதியால நடந்தது எண்டு."

எழுத்துத் துணி இன்னும் என் உடம்பில்தான் இருந்தது. வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. நான் ஒரு கையால் அதன் நாடாவை அவிழ்த்தேன்.

"இல்லை அக்கா" என்றேன். "நான் மறக்கேல்லை. அப்பிடியே எழுதுங்கோ."